வயிற்று ஆபரேஷனுக்குப் பின் உள்ளே ஒட்டிக்கொண்ட குடலும் வலியும்: சமாளிக்கும் வழிகள்

வெளித்தழும்பு வெளுத்துக் கோடாகிவிட்ட பிறகும், ஆபரேஷன் செய்த வயிற்றுக்குள் ஏதோ பிடித்து இழுப்பது போன்ற வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தொடர்வதுண்டு. ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை என்று வரும். வாயு என்பார்கள், அல்சர் என்பார்கள், கடைசியில் கவலைப்படுவதால் வருகிறது என்பார்கள். குடல்வால் வெடித்ததற்காக 2009ஆம் ஆண்டு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட நானும் மூன்று ஆண்டுகள் இந்தப் பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுறுப்புகள் நார்ப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதைக் குறிக்கும் 'ஒட்டு' என்ற சொல் என் காதில் விழுந்தது முதல் முறை குடல் அடைத்துக்கொண்டபோதுதான். அதை முன்பே அறிந்திருந்தால் எவற்றைச் செய்திருப்பேன், எவற்றைத் தவிர்த்திருப்பேன் என்பதையே இங்கே வழிமுறையாக எழுதுகிறேன். மருந்தின் அளவையும் அடுத்த சிகிச்சையையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே.

உள்ளே நடப்பது என்ன

குடலும் கர்ப்பப்பையும் பிற உறுப்புகளும் பெரிடோனியம் என்னும் வழவழப்பான மெல்லிய சவ்வினால் போர்த்தப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் நாள் முழுவதும் நெளிந்து கொண்டிருந்தும் நாம் அதை உணராமல் இருப்பது இந்த வழவழப்பினால்தான். கத்தி, பஞ்சுத்துணி, சீழ், இரத்தம், காற்றில் உலர்தல் ஆகியவற்றில் எது பட்டாலும் அந்தச் சவ்வு புண்படுகிறது. புண்பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்னும் பசை கசிந்து அருகிலுள்ள பரப்புகளை ஒட்டவைக்கிறது. உடல் சில நாள்களுக்குள் அந்தப் பசையைக் கரைத்துவிட்டால் சிக்கல் இல்லை. கரைக்கத் தவறினால் அதற்குள் நார் செல்கள் புகுந்து, இரத்தக் குழாய்கள் முளைத்து, நிரந்தரமான நார்ப் பட்டையாக அது இறுகிவிடுகிறது. இவை பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தீர்மானமாகிவிடும் என்பதால், பிற்பாடு நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ மாடிப்படி ஏறியதாலோ ஒட்டு உண்டாகிவிட்டது என்று யாராவது குறை சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு என்றே சொல்லலாம், சிறிதளவாவது ஒட்டு இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்காட்லாந்தில் 1986ஆம் ஆண்டு வயிறு அல்லது இடுப்புக்குழி ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ 30,000 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒட்டோடு நேரடித் தொடர்புடைய அல்லது தொடர்பிருக்கக்கூடிய காரணங்களுக்காகவும், ஒட்டினால் சிக்கலாகக்கூடிய மறு ஆபரேஷன்களுக்காகவும் மூன்றில் ஒருவர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். உறுதியாக ஒட்டினால்தான் சேர்ந்தார்கள் என்று சொல்லத்தக்கவை அச்சேர்க்கைகளில் சிறு பங்கே. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டு இருப்பதாலேயே உங்கள் வலி அதனால்தான் என்று ஆகிவிடாது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதாலேயே ஒட்டு இல்லை என்றும் ஆகிவிடாது. சாதாரண அல்ட்ராசவுண்டிலும் சி.டி. ஸ்கேனிலும் மெல்லிய நார்ப் பட்டைகள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. நாங்கள் ஒரே ஆண்டில் மூன்று ஸ்கேன்களுக்குப் பணம் கட்டினோம். மூன்றிலும் ஒரே வாசகம்தான் இருந்தது.

முதல் வேலை: வேறு காரணங்களை விலக்குவது

ஒட்டுதான் என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். அவற்றுள் முதலாவது, வலி வயிற்றுக்குள்ளிருந்து வருகிறதா, வயிற்றுச் சுவரிலிருந்து வருகிறதா என்பது. ஆபரேஷன் கோட்டருகே தோல் நரம்பு ஒன்று தசைக்குள் சிக்கிக்கொண்டால், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய அளவுக்கு ஒரே புள்ளியில் வலிக்கும். இதைப் பிரித்தறிய அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் 1926இல் சொன்ன எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் மல்லாந்து படுத்திருக்க, மருத்துவர் வலிக்கும் புள்ளியில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் சற்றே தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினாலோ அப்படியே இருந்தாலோ கோளாறு பெரும்பாலும் சுவரில்; குறைந்தால் பெரும்பாலும் உள்ளே. சுவரில்தான் என்றால் அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சிலருக்கு நெடுநாள் வலி அதிலேயே தணிந்துவிடுகிறது. செலவில்லாத இந்தச் சோதனையை என் வயிற்றில் முதன்முதலில் செய்தவர் நான் பார்த்த ஐந்தாவது மருத்துவர்.

இருமும்போது தழும்பருகே வீங்கிப் பிதுங்கினால் அது குடலிறக்கமாக இருக்கலாம். மாதவிடாயை ஒட்டி வலி ஏறி இறங்கினால் கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உண்டா என்று பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தே இருந்தால், நம் நாட்டில் வயிற்றுக் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. அதுவும் குடலை ஒட்டவைக்கும், குறுக்கும், ஆனால் மருந்தினால் குணமாகும். மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காரணமில்லாத மெலிவு ஆகிய எதையும் ஒட்டின் கணக்கில் எழுதிவிடலாகாது.

இரண்டு வலிகளைப் பிரித்தறிதல்

இந்த நோயோடு வாழ்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் உயிரோடு தொடர்புடையது இதுதான். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அன்றாட வலி பெரும்பாலும் பழகிய இடத்தில் வரும். நிமிர்ந்து கையை உயர்த்தினால், ஒருக்களித்துப் படுத்தால், வயிறு நிறையச் சாப்பிட்டால், மலம் இறுகினால் இழுக்கும். கால்களை மடக்கிப் படுத்தாலோ வாயு பிரிந்தாலோ தணியும். தொல்லை தருவதுதான், ஆனால் அதனால் ஆபத்து இல்லை.

குடல் அடைபடும் வலி வேறு மாதிரியானது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடித்து, ஓரிரு நிமிடம் உச்சத்தில் நின்று, விட்டு, சில நிமிடங்களில் மீண்டும் பிடிக்கும். வயிறு உப்பிக்கொண்டே போகும். வயிற்றுக்குள் தண்ணீர்க் குழாய் திறந்தது போன்ற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். பிறகு வாந்தி வரும். முதலில் சாப்பாடு, அப்புறம் பச்சையாகப் பித்தம். வாயு பிரிவது நின்றுவிடும். இந்த நிலையிலும் ஒருமுறை மலம் கழியக்கூடும், ஏனென்றால் அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது வெளியேறுகிறது. இதை நம்பித்தான் 2012இல் நான் ஏமாந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வாழைத்தண்டுப் பொரியலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மேலே இரண்டு பலாச்சுளையையும் தின்றுவிட்டு ஊர் திரும்பினேன். இரவு பதினொரு மணிக்கு முறுக்கு ஆரம்பித்தது. வெளிக்குப் போய்விட்டது, இனிச் சரியாகிவிடும் என்று விடியும் வரை வெந்நீரும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டே இருந்தேன். குடித்ததெல்லாம் பச்சை வாந்தியாகத் திரும்பி வந்தது. காலையில் மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் இறக்கியவுடன், கட்டிலோரம் தொங்கவிட்ட பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடிந்ததைப் பார்த்தபோதுதான் இரவு முழுவதும் எவ்வளவு தவறாக நடந்துகொண்டேன் என்பது புரிந்தது.

ஆகவே முறுக்கு வலியுடன் வாந்தியோ உப்புசமோ சேர்ந்தால் வாய்வழியாக எதையும் கொடுக்காமல், உடனே அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; தமிழ்நாட்டில் வண்டி இல்லாதவர்கள் 108ஐ அழைக்கலாம். விட்டு விட்டு வந்த முறுக்கு இடைவிடாத கடும் வலியாக மாறினாலோ, காய்ச்சலோ, படபடப்போ, வயிறு கல்லாக இறுகுவதோ சேர்ந்தாலோ குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகிவிடக்கூடும். குடல் வழி திறக்கட்டும் என்று பேதி மருந்து கொடுப்பது, ஆசனவாய் வழியே மருந்து ஏற்றுவது, குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை வழிப்பது ஆகிய மூன்றும் அடைப்பில் பெருந்தீங்கு செய்பவை. கடையில் கேட்டவுடன் தரப்படும் வயிற்று முறுக்கு மாத்திரையும் அந்த நேரத்தில் வேண்டாம். அது குடலின் அசைவை அடக்கி, நோயின் முகத்தை மறைத்துவிடும்.

அடைப்பு என்றவுடன் கத்தி வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டு. ஒட்டினால் வரும் அடைப்புகளில் பெரும்பகுதி, வாய்வழி உணவை நிறுத்தி, மூக்குக் குழாய் வைத்து, சிரை வழியே திரவம் ஏற்றி இரண்டு மூன்று நாள் பொறுத்தாலே விலகிவிடுகிறது. எனக்கும் மூன்றாம் நாள் காலையில் வாயு பிரிந்தது. அந்த ஒரு சத்தத்துக்காக வார்டே மகிழ்ந்த அனுபவத்தை அடைப்பு வந்து மீண்டவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும்.

சாப்பாடு

ஒட்டைக் கரைக்கும் உணவு எதுவும் இல்லை. ஒட்டினால் வளைந்தோ இறுகியோ இருக்கும் இடத்தில் சிக்காத உணவு என்பதே இங்கே கருத்து. அடைப்பு ஒருமுறையேனும் வந்தவர்களும், சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் முறுக்கு வருபவர்களும் கவனிக்க வேண்டியவை முழு நார்கள்: வாழைத்தண்டு, வாழைப்பூ, முற்றிய கொத்தவரங்காய், கீரைத் தண்டு, பனங்கிழங்கு, பலாச்சுளை, மக்காச்சோளம், காளான், தேங்காய்ச் சில்லு, ஆரஞ்சுச் சுளையின் மேல்தோல். முருங்கைக்காயைச் சதை வழித்துச் சாப்பிடலாம். சக்கையை விழுங்கக் கூடாது. நிலக்கடலையை வறுத்து மெல்வதைவிடச் சட்னியாக அரைத்துச் சாப்பிடலாம். வாழைத்தண்டு இல்லாமல் முடியாது என்பவர்கள் அதை அரைத்து வடிகட்டிச் சாறாகக் குடிக்கலாம்.

அடைப்பு வராதவர்கள் இவற்றையெல்லாம் ஆயுளுக்கும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நாரை முழுவதும் நிறுத்தினால் மலம் இறுகும். மலம் இறுகினால் இழுப்பு வலி கூடும். தோல் சீவி, குழைய வேகவைத்து, மசித்த சுரைக்காய், பூசணி, கேரட், பாசிப்பருப்பு ஆகியவற்றால் மென்மையான நாரைப் பெறலாம். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரிப்பது எனக்கு மருந்தைவிடப் பயன்பட்டது. நிதானமாக மெல்லுவது அதைவிட முக்கியம். பல் இல்லாத முதியவர்களுக்கு இந்த நோய் இருந்தால் பல் செட்டும் சிகிச்சையின் பகுதியே. இசப்கோல் போன்ற, தண்ணீரில் ஊதிப் பெருகும் தூள்களை, குறுகல் இருக்கக்கூடியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது; மலம் இளக லாக்டுலோஸ் போன்றவை பலருக்குப் பொருந்தும்.

வலி சற்று ஏறியிருக்கிறது, ஆனால் வாந்தியும் உப்புசமும் இல்லை, வாயு பிரிகிறது என்னும் நாள்களில் திட உணவை நிறுத்திவிட்டு, வடித்த கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம், இளநீர், நீர்மோர் என்று ஒரு பொழுதைக் கழிக்கலாம். தணிந்தால் மறுநாள் இட்லி, இடியாப்பம், குழைந்த தயிர்ச்சோறு என்று ஏறலாம். ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரைகள்

பாரசிட்டமாலில் தொடங்குவதே வழக்கம். பெரியவர்களுக்கு எல்லா வேளையும் சேர்த்து ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்னும் உச்சத்தைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் உச்சம் இன்னும் குறைவு. சளிக்கும் தலைவலிக்கும் வாங்கும் மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். டிரமடால் போன்ற வலுவான மருந்துகள் அன்றைய வலியை அடக்கினாலும் குடலை மந்தமாக்கி மலத்தை இறுக்குகின்றன; ஒட்டு உள்ளவருக்கு அது வலியை வலியால் வளர்ப்பது போல. நாள்பட எடுத்தால் மருந்தே வயிற்று வலியைக் கூட்டும் நிலையும் ஏற்படுகிறது.

ஆண்டுக்கணக்கில் வலித்துக்கொண்டே இருந்தால், நரம்பு மண்டலம் சிறு இழுப்பையும் பெருவலியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. அதற்காக அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் இரவில் தருவார்கள். என் மருந்துச் சீட்டைப் பார்த்த கடைக்காரர் "இது மன நோய் மாத்திரை ஆச்சே" என்று வரிசையில் நின்ற அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார். அதே மருந்து அதிக அளவில் மனச்சோர்வுக்கும் பயன்படுவது உண்மைதான். ஆனால் இந்த அளவில் அது நரம்பு வலிக்கே தரப்படுகிறது. இதற்கும் மலச்சிக்கல் உண்டு என்பதால் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

உடம்பை அசைப்பது, ஒத்தடம், தடவுவது

வலிக்குப் பயந்து குனிந்தே நடந்தால் முதுகும் இடுப்பும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும். காலையும் மாலையும் இருபது நிமிட நடை போதும். படுத்துக்கொண்டு, வயிறு மேலெழும்பும்படி மெல்ல மூச்சை இழுத்து அதைவிட மெல்ல விடுவதை ஐந்து நிமிடம் செய்தால் முறுக்கிப் பிடித்த வயிற்றுச் சுவர் தளர்கிறது. வெந்நீர்ப் பை நல்ல துணை. ஆனால் தழும்பைச் சுற்றிய தோல் மரத்திருந்தால் சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும் என்பதால் துண்டு சுற்றி வைக்க வேண்டும். புண் முழுவதும் ஆறிய பின் தழும்புத் தோலை விரலால் மெதுவாகத் தடவுவது தோல் இறுக்கத்தைத் தளர்த்தும். உள்ளே இறுகிவிட்ட ஒட்டுகளைத் தடவியே அறுத்துவிடுவதாகச் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்கு 'சிட்டிங்' விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை.

மீண்டும் ஆபரேஷன் செய்யலாமா

ஒட்டை அறுத்துவிட்டால் வலி போய்விடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அறுத்த இடமே புதுப் புண். அங்கே மீண்டும் ஒட்டலாம். நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலியுள்ள 100 பேரில் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் முறை) வழியே ஒட்டுகளை அறுத்தும், மறு பாதிக்குக் கருவியைச் செலுத்திப் பார்த்துவிட்டு அறுக்காமலும் விட்டார்கள். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 2003இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினருக்குமே வலி நன்றாகக் குறைந்திருந்தது. அறுத்ததால் கூடுதல் பலன் காணப்படவில்லை. ஒட்டிய குடலைப் பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழும் அபாயமும் உண்டு. ஆகவே வலி மட்டுமே காரணமாக இருந்தால் நான் கத்திக்கு அவசரப்பட மாட்டேன். விலகாத அடைப்பு, அடிக்கடி திரும்பும் அடைப்பு, ஒட்டினால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையின்மை ஆகியவை வேறு வழக்குகள். அவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்.

வேறு காரணத்துக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், லேப்ராஸ்கோப்பி முடியுமா, ஒட்டுத் தடுப்புப் படலம் வைப்பீர்களா என்று கேட்கலாம். முந்தைய ஆபரேஷனின் விவரக் குறிப்பு அப்போது பெரிதும் உதவும். டிஸ்சார்ஜ் அட்டை மட்டும் போதாது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு கடந்த பின் போய்க் கேட்டால் பரண் மேல் தேடுகிறோம் என்பார்கள். எனவே தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2020இல் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தபோது, பழுத்துப்போன அந்த இரண்டு பக்கக் குறிப்பை அறுவை மருத்துவர் நின்றபடியே படித்தார். தொப்புளிலிருந்து கீழே இறங்கிய பழைய கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமாகத் தொப்புளருகே போடும் முதல் துளையை இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே போடப் போவதாகச் சொன்னார். தொப்புளுக்கு அடியில் குடல் சுவரோடு ஒட்டியிருந்ததை உள்ளே கேமரா போன பிறகு பார்த்ததாக மறுநாள் ரவுண்ட்ஸில் தெரிவித்தார்.